60 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு எந்த அக்வாபோனிக்ஸ் அமைப்பு பொருந்தும்?

மீன் தொட்டிக்கு மேலே ஒரு செடித் தொட்டி. கீழே இருக்கும் தண்ணீரைப் பம்ப் மேலே ஏற்றும், செடி அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும், சுத்தமான தண்ணீர் மீனிடம் திரும்பி வரும். இதுதான் அக்வாபோனிக்ஸ். படத்தில் பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் ஒன்று அமைக்கலாம் என்று இறங்கும்போதுதான் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். மிதவையா, குழாயா, களிமண் உருண்டையா? சைஃபன் வைப்பதா, டைமர் வைப்பதா? கோல்டு ஃபிஷ் விடலாமா, கப்பி விடலாமா?

இந்தக் கேள்விகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடப் போகிறீர்கள்? செடிக்குப் போகும் சத்து அனேகமாக முழுவதும் மீன் தீவனத்திலிருந்துதான் வருகிறது. தொட்டியில் எத்தனை லிட்டர், எத்தனை மீன் என்பதெல்லாம் அந்தக் கிராம் கணக்குக்குப் பிறகுதான். அது தெரிந்துவிட்டால் செடித் தொட்டியின் அளவு தானாகவே முடிவாகிவிடும். அளவு முடிவானால் எந்த முறை என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் கையேடு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்றும், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்றும் சொல்கிறது. வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி பெரிய மிதவை அமைப்புகளுக்கு வகுத்த கணக்கு 60 முதல் 100 கிராம்.

இதை நம் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நிரப்பும் அளவைப் பொறுத்து 55 முதல் 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் மேல்பரப்பு முழுவதையும் மூடுமாறு செடித் தொட்டி வைத்தால் 0.18 சதுர மீட்டர் கிடைக்கும். அதை முழுக்கக் கீரையால் நிரப்ப, மேலே சொன்ன கணக்குப்படி தினம் 7 முதல் 9 கிராம் தீவனம் வேண்டும். இப்போது மீன் பக்கம் வாருங்கள். வளர்ந்த பிளாட்டி மீன் ஒன்று 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 15 மீன் சேர்ந்து 30 கிராம். உடல் எடையில் 3 சதவீதம் தின்றாலும் ஒரு நாளைக்கு ஒரு கிராம்கூட வராது. தேவை 7 கிராம், வரவு 1 கிராம்.

சரி, தீவனத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. 30 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், அதிலிருந்து ஏறத்தாழ 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீருக்கு வரும், அம்மோனியா மீனுக்கு விஷம். 60 லிட்டரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம். ஏழு கிராம் போட்டால் ஒரே நாளில் மூன்றரை மில்லிகிராம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக் கூட்டம் நன்றாகப் பழகியிருந்தால் சமாளிக்கும். பம்ப் ஒரு ராத்திரி நின்றால் சமாளிக்காது. இதனால்தான் சின்னத் தொட்டிக்குப் பெரிய செடித் தொட்டி என்ற படத்தை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இந்த அளவுத் தொட்டிக்கு அதன் மேல்பரப்பில் பாதி, அதாவது 30 × 30 செ.மீ. போதும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, செடி மெதுவாக வளரும், சத்தையும் மெதுவாகவே எடுக்கும். அதனால் ஒன்று ஒன்றரை கிராம் தீவனத்தில் நாலைந்து செடிகள் தாக்குப்பிடிக்கும். பாதியைத் திறந்து வைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. தீவனம் போடவும், கண்ணாடியைத் துடைக்கவும், செத்த மீனை எடுக்கவும் கை உள்ளே போக வேண்டுமே.

கண்ணாடி என்பதால் மாறும் விஷயங்கள்

பிளாஸ்டிக் டிரம்மில் செய்யும் அமைப்புக்கும் கண்ணாடித் தொட்டியில் செய்வதற்கும் முக்கியமான வேறுபாடுகள் உண்டு. முதலாவது, துளை. டிரம்மில் எங்கு வேண்டுமானாலும் துளையிட்டுக் குழாய் இணைக்கலாம். கண்ணாடியில் அது எளிதல்ல, டெம்பர்டு கண்ணாடி என்றால் துளையிட்டவுடன் முழுவதும் பொடிப்பொடியாக உடைந்துவிடும். ஆகவே துளையே தேவைப்படாத அமைப்புதான் இங்கே பொருந்தும்: பம்ப் தொட்டிக்குள், செடித் தொட்டி மேலே, தண்ணீர் தன் எடையாலேயே கீழே திரும்ப வேண்டும்.

இரண்டாவது, பாசி. சத்து நிறைந்த தண்ணீரும் வெளிச்சமும் சேர்ந்தால் பாசி வரத்தான் செய்யும், கண்ணாடி நாலு பக்கமும் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. செடிக்குப் போகவேண்டிய சத்தைப் பாசி தின்னும். ராத்திரியில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பின்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் கறுப்புத் தாளால் மூடிவிட்டு முன்பக்கம் மட்டும் பார்வைக்கு விடுங்கள். செடி விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் நேராக விழாதபடி ஒரு தட்டி வைத்தால் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவது, எடை. தண்ணீர், கண்ணாடி, செடித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 80 கிலோவை எட்டலாம். செடித் தொட்டியைக் கண்ணாடி விளிம்பின் மேல் உட்கார வைக்கும் படங்கள் நிறையப் பார்க்கலாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விளிம்பு மேலிருந்து வரும் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு மூலையில் பாரம் ஏறினால் ஒட்டுப் பசை விட்டுக்கொடுக்கும். செடித் தொட்டிக்குத் தனி ஸ்டாண்ட், தரையில் கால் ஊன்றியதாக இருக்கட்டும்.

நான்கு வழிகள்

முதல் வழி மிக எளியது, அதனாலேயே பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தொட்டியின் பின்விளிம்பில் மாட்டும் ஃபில்டரிலோ, விளிம்பில் தொங்கும் சின்னக் கூடையிலோ செடியின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு வளர்ப்பது. மணி பிளான்ட் இதற்குப் பேர்போனது. வேர் தண்ணீரில், இலை வெளிக்காற்றில் என்று இருப்பதால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பஞ்சமில்லை, நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். புதினாவும் இப்படி வரும். கூடுதல் பம்ப், டைமர், ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம். கீரை வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். மீனை ரசிப்பதுதான் முதல் நோக்கம், தண்ணீர் மாற்றும் வேலை குறைந்தால் நல்லது என்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, மிதவை. தெர்மாகோல் பலகையில் துளையிட்டுச் செடியைப் பொருத்தித் தண்ணீரில் மிதக்க விடுவது. பெரிய பண்ணைகளில் கீரைக்கு இதுதான் ராஜா. ஆனால் அங்கே மிதவை தனித் தொட்டியில் இருக்கும், மீன் கழிவைப் பிரித்தெடுக்க முன்னாலேயே ஃபில்டர் இருக்கும். நம் கண்ணாடித் தொட்டியிலேயே பலகையை மிதக்கவிட்டால் கோல்டு ஃபிஷ் வேரைக் கொறித்துத் தீர்த்துவிடும். கொறிக்காத மீனாக இருந்தாலும், கழிவுத் துகள் வேரில் படிந்து பழுப்பு நிறத்தில் வழவழவென்று மூடிக்கொள்ளும், வேர் மூச்சுத் திணறும். மேல்பரப்பை மூடுவதால் காற்றும் குறையும். தனியாக ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்து, பலகையை மூன்றில் ஒரு பங்கு பரப்புக்குள் நிறுத்தினால் ஓடும். அப்படி ஓட்டுவதற்கு முதல் வழியே போதுமே.

மூன்றாவது, குழாய் முறை. சரிவாக வைத்த பிவிசி குழாயின் அடியில் மெல்லிய நீரோட்டம், மேலே துளைகளில் செடிகள். சுவரோரமாக அழகாக நிற்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் குழாயில் பாக்டீரியா தங்க இடமில்லை, அதற்கும் தனி ஃபில்டர் வேண்டும். பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் செடி வாடிவிடும். வேர் வளர்ந்து குழாயை அடைத்தால் தண்ணீர் வீட்டுத் தரையில்தான் ஓடும். வீட்டுக்குள் முதல் முயற்சியாக இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான்காவது, களிமண் உருண்டை நிரப்பிய செடித் தொட்டி. என் தேர்வு இதுதான், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மற்ற முறைகளில் தனித்தனியாக வைக்க வேண்டிய மூன்று பொருள்களின் வேலையை இந்த ஒரே தொட்டி செய்கிறது. மீன் கழிவுத் துகள்கள் உருண்டைகளுக்கிடையே சிக்கி நின்றுவிடுகின்றன, அது ஒரு ஃபில்டர். உருண்டைகளின் சொரசொரப்பான மேற்பரப்பில் பாக்டீரியா குடியேறுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்றவை அங்கேதான் வாழும், அது இன்னொரு ஃபில்டர். செடிக்கு நிற்கப் பிடிமானமும் அதுவே. சிக்கிய கழிவு மெதுவாக மட்கும்போது அதிலுள்ள மற்றச் சத்துகளும் கரைந்து வரும். நாலைந்து மண்புழுக்களை விட்டால் அந்த வேலை வேகமாக நடக்கும். தண்ணீர் ஏறி இறங்கும் தொட்டியில் அவை நன்றாகவே பிழைத்துக்கொள்ளும்.

பெரிய அமைப்புகளில் செடித் தொட்டியின் ஆழம் 30 செ.மீ. என்பது வழக்கம். கீரைக்கும் புதினாவுக்கும் 18 செ.மீ. போதும். தக்காளி, மிளகாய் ஆசை இருந்தால் 30 செ.மீ. வேண்டும், ஆனால் ஒரு கிராம் தீவனத்தில் தக்காளி காய்க்க வைப்பது நடக்காத காரியம். செடி உயர வளரும், பூக்கும், அப்புறம் பிஞ்சிலேயே உதிரும்.

உருண்டைக்குப் பதில் ஜல்லி போடலாமா? போடலாம், ஆனால் எடையைப் பாருங்கள். 30 × 30 × 18 செ.மீ. தொட்டிக்கு 16 லிட்டர் நிரப்ப வேண்டும். களிமண் உருண்டை என்றால் ஆறேழு கிலோ, ஜல்லி என்றால் 25 கிலோவுக்கு மேல். தவிர, சுண்ணாம்புக் கல் கலந்த ஜல்லி தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, ஏற்றிக்கொண்டே இருக்கும். சில கற்களை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள், நுரை பொங்கினால் அது வேண்டாம். களிமண் உருண்டையையும் அப்படியே கொட்டிவிடக் கூடாது. பையின் அடியிலிருக்கும் செம்மண் தூள் தொட்டித் தண்ணீரை இரண்டு வாரம் கலங்கலாகவே வைத்திருக்கும், பம்பையும் அடைக்கும். தண்ணீர் தெளியும் வரை அலசி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள்.

சைஃபனா, டைமரா, நிற்காத ஓட்டமா?

இந்த விவாதத்தில் பெல் சைஃபனுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். வடிகுழாயின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து வைக்கும் அமைப்பு அது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மேலே ஏறி, குழாயின் வாயைத் தொட்டதும் சைஃபன் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கடகடவென்று கீழே இறக்கும். காற்றை இழுத்ததும் நிற்கும், மறுபடி நிரம்பும். மின்சுவிட்சு ஏதுமில்லாமல் நடக்கும் இந்த வேலையைப் பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கும். வேர் தண்ணீரில் மூழ்கி எழுவதால் ஆக்சிஜனும் நன்றாகக் கிடைக்கும்.

சின்னத் தொட்டியில் இதன் பலவீனம் வெளியே வரும். ஓட்டம் கொஞ்சம் குறைந்தால் சைஃபன் பிடிக்காமல் தண்ணீர் குழாய் வழியே சும்மா வழிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கூடினால் பிடித்த சைஃபன் விடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆறேழு லிட்டர் தண்ணீரே பிடிக்கும் செடித் தொட்டியில் மிகக் குறுகலானது. இன்று சரிசெய்து வைத்த ஓட்டம், பம்பின் வாயில் பாசி சேர்ந்ததும் மாறிவிடும். வேர் உள்ளே நுழைந்தாலும் மாறிவிடும். அப்புறம் சத்தம். காற்றை இழுக்கும்போது வரும் அந்த உறிஞ்சல் ஒலி மொட்டை மாடியில் இனிமையாக இருக்கலாம். படுக்கையறைக்கு அது ஒத்துவராது.

நிற்காத ஓட்டம் இதைவிட எளிது. ஒரு பக்கம் தண்ணீர் விழும், மறுபக்கம் மேல்மட்டக் குழாய் வழியே வெளியேறும். கெட்டுப்போக எதுவுமில்லை. ஆனால் அடிப்பகுதி எப்போதும் நீரில் மூழ்கியே இருக்கும், தண்ணீர் ஒரே வழியில் ஓடி மூலைகளில் தேங்கும், அங்கே கழிவு அழுகத் தொடங்கும். புதினாவுக்கு இது பிரச்சினையே இல்லை. பேசில், லெட்டூஸ் போன்றவை முகம் சுளிக்கும்.

டைமர் முறையில் செடித் தொட்டியின் அடியில் டேங்க் கனெக்டர் பொருத்தி, அதில் 14 செ.மீ. உயரக் குழாய் ஒன்றை நிறுத்த வேண்டும். அதன் அடிப்பகுதியில் 6 மி.மீ. துளை ஒன்று. பம்ப் ஓடும்போது துளை வழியே வெளியேறுவதைவிட உள்ளே வருவது அதிகம், தண்ணீர் ஏறிக் குழாயின் மேல்வாய் வழியே வழியும். பம்ப் நின்றதும் அந்தச் சின்னத் துளை வழியே பத்து நிமிடத்துக்குள் தொட்டி வடிந்துவிடும். சாதாரணச் சுழல் டைமரில் 15 நிமிடத்துக்கு ஒரு பல் இருக்கும். ஒரு பல்லை அழுத்தி மூன்றை விட்டால் 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்கும். குழாயைச் சுற்றி, துளைகள் போட்ட அகலமான குழாய் ஒன்றை நிறுத்தினால் உருண்டையும் வேரும் உள்ளே வராது. அதன் மேல்மூடியைத் திறந்தால் துளை அடைபட்டிருக்கிறதா என்று விரலாலேயே பார்த்துவிடலாம்.

100 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு டைமர்தான் என்று சொல்வேன். ஒரே நிபந்தனை, ஏர் பம்ப் 24 மணி நேரமும் தனியாக ஓட வேண்டும். தண்ணீர்ப் பம்ப் 45 நிமிடம் நிற்கும்போது மீனுக்கு மூச்சு அதுதான்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 400 லிட்டர் என்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. அதே பெட்டியில் அதிகபட்ச உயரம் ஒரு மீட்டர் என்று இருந்தால், ஒரு மீட்டரில் ஒரு சொட்டுக்கூட வராது என்று பொருள். உங்கள் செடித் தொட்டி பம்பிலிருந்து 70 செ.மீ. மேலே இருந்தால், அந்த உயரத்தில் மணிக்கு 200 லிட்டராவது தரும் பம்ப் வேண்டும்.

தண்ணீர் மட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 60 × 30 செ.மீ. தொட்டியில் ஒவ்வொரு 1.8 லிட்டருக்கும் மட்டம் ஒரு செ.மீ. இறங்கும். பாதி அளவுச் செடித் தொட்டி நிரம்ப ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் போகும், மட்டம் 3 செ.மீ. இறங்கும். முழு அளவு வைத்திருந்தால் 6 செ.மீ. இறங்கும். ஹீட்டரைச் செங்குத்தாக மாட்டியிருந்தால் அதன் மேல்பகுதி மணிக்கொரு முறை தண்ணீருக்கு வெளியே வரும். சூடான கண்ணாடிக் குழாயின் மேல் தண்ணீர் மறுபடி ஏறும்போது அது விரிசல் விடலாம், தண்ணீரில் மின்சாரம் பாயலாம். ஹீட்டரை அடியில் படுக்கை வாட்டில் ஒட்டுங்கள். தொட்டியை நிரப்பும்போது செடித் தொட்டி முழுக்க வடிந்திருக்க வேண்டும். மேலே தண்ணீர் நிற்கும் நேரத்தில் விளிம்பு வரை நிரப்பினால், மின்சாரம் போனதும் அந்த ஆறு லிட்டரும் கீழே வந்து தரையை நனைக்கும்.

எந்த மீன்?

திலேப்பியாவை முதலில் விலக்கிவிடலாம். அக்வாபோனிக்ஸ் என்றாலே அதன் பெயர் வருவது பெரிய தொட்டிகளால். நூற்றுக்கணக்கான கிராம் வளரும் மீனை 60 லிட்டரில் அடைப்பது கொடுமை. கோல்டு ஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், செடிக்கு அது வரம்தான். ஆனால் அதுவும் உள்ளங்கையைவிட நீளமாக வளரக்கூடியது, குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. 120 லிட்டருக்கு மேல் தொட்டி இருந்தால் யோசிக்கலாம். ஃபைட்டர் மீன் தனியாக வாழும், அதன் தீவனம் அரை மணிபிளான்டுக்குத்தான் காணும். நியான் டெட்ரா புதுத் தொட்டியின் அம்மோனியா ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

மிஞ்சுவது கப்பி, பிளாட்டி, மோலி, ஜீப்ரா டேனியோ. எல்லாம் தாக்குப்பிடிக்கும் ரகம். இவற்றில் பிளாட்டியை முதலில் சொல்வேன்: உருவத்துக்கு நன்றாகத் தின்னும், அமைதியானது. கப்பி குட்டி போட்டுப் பெருகும், மூன்று நான்கு மாதத்தில் நீங்கள் கேட்காமலேயே தீவன அளவு கூடிவிடும், கூடவே செடியையும் கூட்ட வேண்டிவரும். டேனியோ துள்ளும், திறந்த பாதிக்கு வலை மூடி தேவை.

மீனுக்கு நோய் வந்தால் கடை மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றக் கூடாது. செம்பு கலந்த மருந்துகள் பலவும் செடிக்கும், அதைத் தின்னும் நமக்கும் ஆகாது. உப்புச் சிகிச்சை செடியை வாட்டிவிடும். மீனை எடுத்து வாளியில் தனியாக வைத்து மருத்துவம் பாருங்கள்.

மீன் விட்டுத் தொடங்குவதா, விடாமலா?

பாக்டீரியாக் கூட்டம் முழுசாக வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவைக் கவனிக்க ஆளில்லை. சிலர் நாலு மீனை விட்டுத் தொடங்கி, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றுவார்கள். முடியும், ஆனால் அந்த ஒரு மாதம் மீன் படும் பாடு பரிதாபம். செவுள் சிவந்து, மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மீன் இல்லாமல், வாசனைப் பொருளோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராமில் நிறுத்தித் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்துவிடச் சொல்லுங்கள், காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று டெஸ்ட் கிட் காட்டும் நாளில் மீனை விடுங்கள். ஒரே நாளில் 15 வேண்டாம், ஐந்தைந்தாக விடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியாவும் மீனும் சேர்ந்து சாகும். ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, அதற்குக் குளோரின் நீக்கி மருந்து வேண்டும்.

பிஎச்சும் இரும்பும்

மூன்று உயிர்களும் மூன்று விதமாகக் கேட்கும். செடிக்குப் பிஎச் 5.5 முதல் 6.5 பிடிக்கும். பாக்டீரியா 7-க்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கும், 6-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். நாம் சொன்ன மீன்களுக்கு 7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 6.8 முதல் 7.2 வரை வைத்தால் மூன்றும் ஒத்துப்போகும். 8-க்கு ஏறவிடாதீர்கள். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷத்தன்மை கொண்ட பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும்.

பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரையும், சில மாதங்களில் பிஎச் மெல்ல இறங்கும். அதை ஏற்றச் சமையல் சோடா போடும் பழக்கம் உண்டு. அதிலுள்ள சோடியம் சேர்ந்துகொண்டே போய்ச் செடியைக் கெடுக்கும். பொட்டாசியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட் இரண்டையும் மாற்றி மாற்றிச் சிட்டிகை அளவில் போட்டால், பிஎச்சும் ஏறும், தீவனத்தில் குறைவாக இருக்கும் பொட்டாசியமும் கால்சியமும் செடிக்குக் கிடைக்கும்.

மீன் தீவனத்தில் இரும்பும் செடிக்குப் போதுமான அளவு இருக்காது. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் அறிகுறி. கீலேட் வடிவ இரும்பை, அதாவது தண்ணீரில் படியாமல் கரைந்தே நிற்குமாறு செய்த இரும்பை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் கலக்கலாம். நம் பிஎச்சுக்கு டிடிபிஏ வகை பொருந்தும். இடிடிஏ வகை 6.5-க்கு மேல் பலன் குறையும். இடிடிஹெச்ஏ எந்தப் பிஎச்சிலும் நிற்கும், ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும், கண்ணாடித் தொட்டியில் அது பார்க்கச் சகிக்காது.

விளக்கு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 30 × 30 செ.மீ. பரப்புக்கு 15 முதல் 20 வாட் வெள்ளை எல்இடி, தினம் 14 மணி நேரம், இலையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில். ஊதா நிற விளக்கு தேவையில்லை. அந்த நிறத்தில் இலை மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியாது, மீனின் நிறமும் தெரியாது.

ஆக, மீன்தான் முக்கியம் என்பவருக்கு விளிம்புக் கூடையும் மணி பிளான்டும். கீரையும் வேண்டும் என்பவருக்கு 60 லிட்டர் தொட்டி, பாதி அளவுக் களிமண் உருண்டைத் தொட்டி, டைமர், 15 பிளாட்டி, நாலைந்து செடி. வாராவாரம் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர் இந்த அளவில் தொடங்கவே வேண்டாம். 120 லிட்டருக்கு மேல் இடமிருக்கிறதா என்று பார்த்து, கோல்டு ஃபிஷும் முழு அளவுச் செடித் தொட்டியுமாக யோசியுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு செடியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை நைட்ரேட் அளவே சொல்லிவிடும். வாரம் ஒருமுறை சோதியுங்கள். லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராமுக்குள் நின்றால் எதையும் தொடாதீர்கள். தொடர்ந்து 80-ஐத் தாண்டினால் இரண்டு செடி கூடுதலாக நடுங்கள். 5-க்குக் கீழே இறங்கி அடி இலைகள் வெளுத்தால் இரண்டு செடியைப் பிடுங்கிவிடுங்கள். மீனின் வாய்க்கு மீறித் தீவனம் போட்டு அந்த எண்ணை ஏற்றப் பார்க்க வேண்டாம்.